மட்டை இடுப்புக்குக் கீழே! ஃப்ளோர்பால்: வாசகர் கேள்வி பதில்

உள்ளரங்கில், சின்னக் களத்தில், பிளாஸ்டிக் மட்டையும் ஓட்டைப் பந்தும் கொண்டு ஆடும் ஃப்ளோர்பால் பற்றி வந்த கேள்விகளில் அடிக்கடி கேட்கப்பட்டவற்றை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: நான் கோவில்பட்டிக்காரன், ஹாக்கி பார்த்தே வளர்ந்தவன். சிங்கப்பூரில் உயர்நிலை ஒன்றில் படிக்கும் என் பேரன் பள்ளியில் ஃப்ளோர்பால் ஆடுகிறானாம். வீடியோ காலில் காட்டினான். பந்தெல்லாம் ஓட்டை, கோல் கீப்பர் கையில் மட்டையே இல்லை. இதுவும் ஹாக்கிதானா? (கோவில்பட்டி)

பதில்: ஹாக்கிக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். மட்டையால் பந்தை உருட்டி வலைக்குள் போடுவது பொது. மற்றதெல்லாம் பந்தின் எடையால் மாறிப்போகிறது. நீங்கள் பார்த்து வளர்ந்த ஹாக்கிப் பந்து ஏறக்குறைய 160 கிராம். உங்கள் பேரனின் பந்து வெறும் 23 கிராம். 72 மில்லிமீட்டர் விட்டம், 26 ஓட்டை, உள்ளே ஒன்றுமில்லாத பிளாஸ்டிக் கூடு. கல்போல வரும் பந்துக்குக் கோல் கீப்பருக்கு மட்டையும் கனத்த கால் கவசமும் வேண்டும். இங்கே முட்டி போட்டு உட்கார்ந்து கையாலும் உடம்பாலுமே தடுத்துவிடலாம்.

இன்னொரு பெரிய வித்தியாசத்தை நீங்கள் உடனே கவனித்திருப்பீர்கள். ஹாக்கி மட்டையின் தட்டைப் பக்கத்தால் மட்டும்தான் பந்தைத் தொடலாம். இதில் பிளேடின் (மட்டையின் அடியில் பந்தைத் தொடும் தட்டைப் பகுதி) இரண்டு பக்கத்தாலும் ஆடலாம். ஹாக்கியில் எல்லாருக்கும் வலக்கை மட்டைதான். இதில் இடது, வலது என்று இரண்டு வகை உண்டு. ஹாக்கியில் காலில் பட்டால் ஃபவுல். இதில் காலால் பந்தை நிறுத்தி மட்டைக்குக் கொண்டுவரலாம். ஆஃப்சைடு கிடையாது. கோலுக்குப் பின்னாலும் இடம் இருப்பதால் பந்தை அங்கே கொண்டுபோய் அங்கிருந்தே பாஸ் போடலாம். ஹாக்கி ரசிகர்களுக்கு முதலில் விநோதமாகத் தெரிவதும் பிறகு ரொம்பப் பிடித்துப்போவதும் இந்தக் கோலுக்குப் பின்னால் நடக்கும் ஆட்டம்தான்.

களத்தில் ஒரு அணிக்கு 5 பேரும் கோல் கீப்பரும். முழு ஆட்டம் 20 நிமிடம் வீதம் 3 பகுதி. விசில் அடித்தால் கடிகாரமும் நிற்கும். அடுத்த முறை பேரன் காட்டும்போது கோலுக்கு முன்னால் இருக்கும் இரண்டு கட்டங்களைப் பாருங்கள். பெரியது 4 மீட்டருக்கு 5 மீட்டர்; அதற்குள் உடம்பின் ஒரு பகுதியாவது இருக்கும்வரைதான் கீப்பருக்குக் கையைப் பயன்படுத்தும் உரிமை. அதற்குள்ளே 1 மீட்டருக்கு 2.5 மீட்டரில் ஒரு சிறு கட்டம். அது கீப்பருக்கு மட்டும். மற்றவர்கள் அங்கே நின்று ஆடினால் எதிரணிக்கு ஃப்ரீ ஹிட். வருகிற ஷாட்டைத் தடுக்கவென்றே தற்காப்பு ஆட்டக்காரர் வேண்டுமென்று அதற்குள் போய் நின்றால் பெனால்டி ஷாட்டே கொடுத்துவிடுவார்கள்.

கேள்வி: எங்கள் பள்ளியில் இரண்டு பேட்மிண்டன் கோர்ட் கொள்ளும் ஹால் இருக்கிறது. அதில் இந்த ஆட்டத்தை ஆரம்பிக்கலாமா? முழு ஆடுகளத்தின் அளவென்ன, என்னென்ன வாங்க வேண்டும்? (உடற்கல்வி ஆசிரியர், திருநெல்வேலி)

பதில்: தாராளமாக ஆரம்பிக்கலாம், ஆனால் முழு ஆட்டத்தை அதற்குள் திணிக்காதீர்கள். முழு களம் 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். சுற்றிலும் 50 சென்டிமீட்டர் உயரப் பலகை. நான்கு மூலையும் வளைவாக இருக்கும். கோல் 160 சென்டிமீட்டர் அகலம், 115 சென்டிமீட்டர் உயரம். கோல் கோட்டுக்கும் பின்பலகைக்கும் நடுவே 3.5 மீட்டர் இடம் விட வேண்டும்.

உங்கள் ஹாலுக்கு மூன்றுக்கு மூன்று ஆட்டம்தான் சரி. கீப்பர் வேண்டாம். 90 சென்டிமீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் உயரத்தில் பி.வி.சி. குழாயில் இரண்டு சின்ன கோல் செய்து வலை கட்டுங்கள். குழாயின் எல்லா முனையிலும் எல்போ போட்டு மூடிவிடுங்கள். வெட்டு வாய் திறந்திருந்தால் விழுகிற பிள்ளைக்குக் கிழிக்கும். கோலைத் தரையோடு ஆணி அடித்து நிறுத்த வேண்டாம். பெரிய போட்டியிலும் கோல் சும்மாதான் நிற்கும், இடித்தால் நகரும். அது நகர்வதால்தான் இடித்தவருக்குக் காயம் படுவதில்லை. கோலுக்கு முன் 1 மீட்டர் அரைவட்டம் டேப்பால் ஒட்டி, அதற்குள் யாரும் நிற்கக் கூடாது என்று விதி வையுங்கள். இல்லாவிட்டால் முதல் நாளே ஒரு பிள்ளை கோல் வாயை அடைத்துக்கொண்டு நிற்கும், மற்ற ஐந்து பேருக்கும் ஆட்டம் செத்துப்போகும்.

பலகைக்கு ஜிம் பெஞ்சுகளைப் பக்கவாட்டில் சாய்த்து, உட்காரும் பக்கம் உள்ளே பார்க்கும்படி அடுக்கினால் போதும். மூலைகளை மட்டும் கவனமாகச் செய்யுங்கள். இரண்டு பெஞ்சை நேர்கோணத்தில் சேர்த்தால் பந்து அங்கே போய் ஒளிந்துகொள்ளும். நாலு பிள்ளைகள் அதன்மேல் குனிந்து மட்டையால் குத்துவார்கள், விரல் நசுங்கும். மூலையில் ஒரு பெஞ்சைச் சாய்வாகக் குறுக்கே போட்டால் பந்து வழுக்கிக்கொண்டு அடுத்த பக்கம் வந்துவிடும். பெரிய களத்தில் மூலையை வளைத்திருப்பதன் பயனும் இதுதான்.

வாங்க வேண்டியது: 12 மட்டை, 20 பந்து, இரண்டு நிற பனியன். மட்டையில் எட்டு இடதும் நாலு வலதும் வாங்கலாம் (காரணம் அடுத்த பதிலில்). 5 நிமிட ஆட்டங்களாகப் பிரித்து, ஆறு பேர் உள்ளே, மற்றவர் வெளியே நின்று பந்து பொறுக்கிப் போடட்டும். முதல் இரண்டு வாரம் மட்டையை ஓங்கி அடிக்கும் ஷாட் வேண்டவே வேண்டாம். பந்தைத் தள்ளுவது மட்டும்.

கேள்வி: மகளுக்கு இணைப்பாட நடவடிக்கையாக ஃப்ளோர்பால் கிடைத்திருக்கிறது. கடையில் ‘லெஃப்டா ரைட்டா’ என்று கேட்கிறார்கள். அவள் வலது கையால் எழுதுகிறவள். ரைட்தானே வாங்க வேண்டும்? நீளம், ஃப்ளெக்ஸ் என்றெல்லாம் எண்கள் போட்டிருக்கிறது, தலை சுற்றுகிறது. (ஈசூன், சிங்கப்பூர்)

பதில்: வாங்கிவிடாதீர்கள், ஒரு நிமிடம். எழுதும் கையை வைத்து முடிவு செய்வதுதான் பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு. நீளக் கம்பு வைத்த துடைப்பத்தை மகள் கையில் கொடுத்து, ஒன்றும் சொல்லாமல் தரையைப் பெருக்கச் சொல்லுங்கள். எந்தக் கை கீழே போகிறது என்று பாருங்கள். இடது கை கீழே இருந்தால் இடது மட்டை; வலது கை கீழே இருந்தால் வலது மட்டை. பழகிய வலக்கை மேலே இருந்துகொண்டு மட்டையைத் திருப்பித் திருப்பி ஆட்டும், இடக்கை கீழே தாங்கிக்கொள்ளும். அதனால் வலக்கைப் பழக்கமுள்ளவர்களில் பலருக்கு இடது மட்டைதான் பொருந்தும். மூன்று தடவை பெருக்கச் சொல்லி மூன்றும் ஒன்றாக வந்தால் சந்தேகமே இல்லை.

நீளத்துக்கு எண்ணைப் பார்க்காதீர்கள். விளையாட்டு ஷூ போட்டுக்கொண்டு, மட்டையைப் பிளேடு தரையில் படும்படி முன்னால் நிமிர்த்தி நிறுத்தச் சொல்லுங்கள். கைப்பிடி முனை தொப்புளுக்கு நேராகவோ ஓரிரு சென்டிமீட்டர் மேலாகவோ வர வேண்டும். கடையில் எழுதியிருக்கும் நீளம் தண்டுக்கு மட்டும். பிளேடு சேர்ந்தால் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் கூடும். ‘வளர்கிற பிள்ளை, அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும்’ என்று நீளமாக வாங்கினால் முனை வயிற்றில் இடிக்கும், முழங்கை வெளியே போகும், பிளேடின் நுனி மட்டும் தரையைத் தொடும். அந்த மட்டையால் பந்தை நேராக உருட்டவே முடியாது. பாவாடை, சட்டைக்குப் பொருந்தும் கணக்கு மட்டைக்குப் பொருந்தாது.

ஃப்ளெக்ஸ் என்பது தண்டு எவ்வளவு வளைகிறது என்ற கணக்கு. இரண்டு முனையையும் தாங்கி, நடுவில் 30 கிலோ பாரம் ஏற்றினால் எத்தனை மில்லிமீட்டர் வளைகிறது என்பதே அந்த எண். எண் கூடினால் தண்டு இளக்கம், குறைந்தால் விறைப்பு. பெரியவர்கள் 26 முதல் 29 வரை வைத்து ஆடுவார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு 30-க்கு மேல்தான் வேண்டும். கையில் பலம் சேராத பிள்ளையிடம் 26 கொடுத்தால் அது இரும்புக் கம்பிபோல நிற்கும், ஷாட்டில் துள்ளலே வராது. நீளத் தண்டை மேலே அறுத்துக் குட்டையாக்கினாலும் விறைப்பு ஏறிவிடும் என்பதை மறக்காதீர்கள்.

இன்னொன்று. புதிய பிளேடு பெரும்பாலும் தட்டையாக இருக்கும். ஆட்டக்காரர்கள் அதைச் சூடாக்கி உள்பக்கம் குழியச் செய்வார்கள். பந்து நழுவாமல் நிற்க இந்தக் குழிவு உதவும். கொதிக்கும் நீரில் பிளேடை மட்டும் முக்கி, இளகியதும் துணியால் பிடித்து வளைத்து, பிடித்த பிடியிலேயே குளிர்ந்த நீருக்குள் கொண்டுபோங்கள். தண்டில் சூடு படக் கூடாது. குழிவு 30 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது; குழிந்த பக்கம் தரையைப் பார்க்கும்படி பிளேடைக் கவிழ்த்து வைத்து, நடுவில் இருக்கும் இடைவெளியை ஸ்கேலால் அளந்துவிடலாம். புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு இதில் பாதி குழிவே அதிகம். ஆழக் குழிந்த பிளேடில் பின்பக்கத்தால் பாஸ் எடுக்க வராது, பந்து வழுக்கி ஓடும்.

கேள்வி: என் மகள் பந்தைப் பறிக்கப் போனாலே நடுவர் விசில் அடிக்கிறார். ‘நான் பந்தைத்தான்மா அடிச்சேன்’ என்று அழுகிறாள். இந்த ஆட்டத்தில் பந்தைப் பறிக்கவே கூடாதா? (உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்)

பதில்: பறிக்கலாம். எதிரியின் மட்டை வழியாகப் போய்ப் பறிக்கக் கூடாது. இந்த ஆட்டத்தின் உயிர் இந்த ஒரு விதியில் இருக்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

எதிரியின் மட்டையை அடிப்பது, தூக்குவது, அமுக்குவது, காலால் உதைப்பது எல்லாமே குற்றம். எதிராட்டக்காரரின் கால்களுக்கு நடுவே மட்டையை விட்டுத் துழாவுவதும் குற்றம். சாதாரணமாக ஃப்ரீ ஹிட் போகும். திரும்பத் திரும்பச் செய்தாலோ, நல்ல வாய்ப்பைக் கெடுத்தாலோ 2 நிமிடம் வெளியே உட்கார வேண்டும். ஆனால் முதலில் பந்தைத் தொட்டு, அதற்குப் பிறகு மட்டையோடு மட்டை உரசினால் நடுவர் விட்டுவிடலாம், விதியே அதற்கு இடம் தருகிறது. எது முதலில் பட்டது என்பதுதான் கேள்வி. உங்கள் மகள் பந்தைக் குறிவைத்திருப்பாள். அவளுடைய பிளேடு மேலிருந்து விறகு வெட்டுவதுபோல இறங்கியிருக்கும். அப்படி இறங்குகிற பிளேடுக்கும் தரையில் இருக்கும் பந்துக்கும் நடுவே எதிரியின் மட்டைதான் இருக்கும். கண் பந்தில் இருந்தாலும் பிளேடு மட்டையில்தான் படும்.

ஏன் அப்படி இறங்குகிறது? பெரும்பாலும் கால் பிந்திவிடுவதால். ஓடிப் போய் எதிரில் நிற்காமல், பக்கத்திலிருந்தோ பின்னாலிருந்தோ ஒரு கையால் எட்டிப் பிடிக்கப் பார்ப்பாள். ஒரு கையில் நீட்டிய மட்டைக்குக் கட்டுப்பாடு இருக்காது. திருத்த வேண்டியது கையைவிட முதலில் காலை. பந்துக்காரருக்கும் கோலுக்கும் நடுவே போய் நிற்கட்டும். கொஞ்சம் பக்கவாட்டாக, முழங்கால் மடிந்து, பிளேடு தரையில் பதிந்து, பாஸ் போகிற வழியை மறித்தபடி. பந்தோடு ஓடுகிறவரின் பிளேடையே உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். பந்தை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றும்போது ஒரு கணம் பந்து பிளேடை விட்டுத் தனியாக இருக்கும். அந்தக் கணத்தில், தரையோடு தரையாக நீட்டி எடுக்க வேண்டும். அதற்கு முன் கை நீட்டவே வேண்டாம்.

பயிற்சி இதுதான்: 4 மீட்டர் அகலத்தில் டேப் ஒட்டிய பாதை. ஒருவர் பந்தோடு கடக்க வேண்டும், ஒருவர் மறிக்க வேண்டும். மறிப்பவரின் பிளேடு தரையை விட்டு எழும்பினால் தோற்றார். 20 விநாடி வீதம் மாறி மாறிப் பத்துத் தடவை. பந்தைப் பறிக்காமல் வெறுமனே ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டாலும் மறிப்பவருக்கே வெற்றி என்று வையுங்கள், பிள்ளைகள் அவசரப்பட மாட்டார்கள்.

தோளோடு தோள் உரசலாம். தள்ளக் கூடாது, முதுகைக் கொடுத்துப் பின்னோக்கி இடித்துக்கொண்டு போகவும் கூடாது. இதோடு உயரத்துக்கு இரண்டு கணக்கு: முழங்காலுக்கு மேலே இருக்கும் பந்தை மட்டையால் தொடக் கூடாது, அடிப்பதற்கு ஓங்கும்போது பிளேடு இடுப்பைத் தாண்டக் கூடாது. பக்கத்தில் நிற்பவரின் முகம் எந்த உயரத்தில் இருக்கும் என்று யோசித்தால் இந்த இரண்டு கணக்கும் எங்கிருந்து வந்தன என்று தெரியும். எல்லாரும் குனிந்து ஆடும் ஆட்டம் இது.

கேள்வி: காலால் கோல் போடலாமா? பந்து எகிறினால் குதித்து நெஞ்சில் வாங்கலாமா? (ஜொகூர் பாரு)

பதில்: வேண்டுமென்று காலால் தள்ளிய கோல் செல்லாது. நெஞ்சிலும் தொடையிலும் பந்தை வாங்கி இறக்கலாம், ஆனால் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும். இரண்டு காலும் எழும்பக் குதித்து வாங்கினால் ஃப்ரீ ஹிட் எதிரணிக்கு. கை, தலை இரண்டும் வேண்டவே வேண்டாம். விழுந்து கிடந்தபடியோ, இரண்டு முட்டியும் தரையில் இருக்கும்போதோ பந்தைத் தொட்டால் 2 நிமிடம் வெளியே. ஒரு முட்டி மட்டும் தரையில் இருந்தால் தவறில்லை. மட்டையைப் பிடித்த கை தரையில் பட்டாலும் பாதகமில்லை.

கேள்வி: பந்து வெளியே போனால் யார், எங்கிருந்து ஆட வேண்டும்? ஃப்ரீ ஹிட்டிலிருந்து நேரே கோல் அடிக்கலாமா? (கிள்ளான்)

பதில்: கடைசியாகத் தொட்டவரின் எதிரணிக்கு ஹிட் இன். பந்து போன இடத்துக்கு நேரே, பலகையிலிருந்து 1.5 மீட்டருக்குள் வைத்து ஆட வேண்டும். கோல் கோட்டுக்குப் பின்னால் போயிருந்தால் அந்தப் பக்கத்து மூலைப் புள்ளியிலிருந்து. கூரையிலோ விளக்கிலோ பட்டாலும் ஹிட் இன்தான். எதிரணியினர் மட்டையையும் சேர்த்து 3 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். மட்டையை நீட்டிக்கொண்டு ‘நான் 3 மீட்டரில்தான் நிற்கிறேன்’ என்பது செல்லாது. ஃப்ரீ ஹிட், ஹிட் இன், ஃபேஸ் ஆஃப் (இரண்டு அணியிலும் ஒவ்வொருவர் எதிரெதிரே நின்று பந்துக்குப் போட்டியிடும் தொடக்கம்) மூன்றிலிருந்தும் நேரே கோல் அடிக்கலாம்.

கேள்வி: என் மகனைக் கோல் கீப்பராகப் போட்டிருக்கிறார்கள். மட்டையும் இல்லாமல் முட்டி போட்டுக்கொண்டு என்னதான் செய்வது? என்னென்ன பாதுகாப்பு வாங்க வேண்டும்? (கோயம்புத்தூர்)

பதில்: முகக் கூண்டு வைத்த ஹெல்மெட் முதலில். அதில்லாமல் பயிற்சிக்கும் இறக்காதீர்கள். அடுத்தது தடித்த முட்டிப் பட்டை. ஒரு மணி நேரம் முட்டியில்தான் வாழப்போகிறான். பிறகு பஞ்சு வைத்த நீளக்கால் சட்டையும் முழுக்கை மேலாடையும், ஆண் பிள்ளை என்பதால் அடிவயிற்றுக் கப்பும். மெல்லிய கையுறை விருப்பம்போல.

நிற்கும் முறையில்தான் பாதிக் கோல் தடுபடுகிறது. இரண்டு முட்டியும் தோள் அகலத்துக்கு விரிந்து, கால் விரல்கள் தரையில் ஊன்றி, உடம்பு நிமிர்ந்து, கைகள் உடம்பை ஒட்டிக் கொஞ்சம் முன்னால், உள்ளங்கை வெளியே பார்க்க. கைகளை அகல விரித்து வைக்கும் பழக்கம் பெரும்பாலான புதியவர்களுக்கு உண்டு. அக்குளுக்கும் கைக்கும் நடுவே ஒரு சன்னல் திறந்துவிடும், அந்தச் சன்னல் வழியாகத்தான் பந்து போகும். கோல் கோட்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கவும் வேண்டாம். பந்து நேர் எதிரே இருந்தால் அரை மீட்டர், ஒரு மீட்டர் முன்னால் வந்தால் கோல் சுருங்கித் தெரியும். பந்து கோலுக்குப் பின்னால் போனால் கம்பத்தோடு வந்து ஒட்டிக்கொண்டு, தலையை மட்டும் திருப்பிப் பார்க்க வேண்டும்.

பிடித்த பந்தை 3 விநாடிக்குள் விட வேண்டும். கையால் எறியும்போது நடுக்கோட்டுக்கு முன்பே ஒரு தடவையாவது தரையில் பட வேண்டும். உருட்டி எறிவதே நல்லது; குதித்துக்கொண்டு போகும் பந்தைச் சொந்த அணியால் அடக்க முடியாது.

கேள்வி: ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே பிள்ளைகள் பலகையைத் தாண்டி உள்ளே வெளியே போகிறார்கள். நடுவரும் ஒன்றும் சொல்வதில்லை. இது சரியா? (பாசிர் ரிஸ், சிங்கப்பூர்)

பதில்: சரிதான். எத்தனை தடவை வேண்டுமானாலும், நடுவரைக் கேட்காமலே மாறலாம். நடுக்கோட்டிலிருந்து 5 மீட்டர் தள்ளி ஆரம்பித்து 10 மீட்டர் நீளத்துக்கு ஒவ்வொரு அணிக்கும் மாற்று இடம் உண்டு. அங்கே மட்டும்தான் மாற வேண்டும். வெளியே வருகிறவர் பலகையைத் தாண்டிய பிறகே அடுத்தவர் இறங்க வேண்டும். ஒரு கால் முந்திவிட்டால் ஆறு பேர் களத்தில் இருந்ததாகக் கணக்கு, 2 நிமிட தண்டனை. அந்த நேரத்தில் அணி ஒரு ஆள் குறைவாக ஆடும். அதற்குள் கோல் வாங்கிவிட்டால் தண்டனை அத்துடன் முடியும்.

ஒருவர் ஒரு நிமிடத்துக்கு மேல் உள்ளே இருக்கக் கூடாது என்று பயிற்சியாளர்கள் சொல்வதைக் கேளுங்கள். முழு வேகத்தில் ஓடும் ஆட்டம். களைத்த பிள்ளை ஓட முடியாமல் மட்டையை நீட்டும், ஃபவுல் வரும். எதிரணி பந்தோடு வரும்போது மாறுவதுதான் பெரிய தவறு. பந்து நம்மிடம் இருக்கும்போதோ, எதிர்ப்பக்க மூலையில் கிடக்கும்போதோ மாற வேண்டும்.

கேள்வி: எவ்வளவு பலமாக அடித்தாலும் என் ஷாட்டில் வேகம் வருவதில்லை. போன பந்தும் கூரைக்குப் போகிறது. (கல்லூரி மாணவர், சென்னை)

பதில்: பலமாக அடிப்பதுதான் கோளாறு. 23 கிராம் கூட்டை ஓங்கி அடித்தால் சத்தம்தான் பெரிதாக வரும். வேகம் தண்டின் வளைவிலிருந்து வர வேண்டும். இழுத்து விடும் ஷாட்டை முதலில் பழகுங்கள். பக்கவாட்டாக நின்று, பந்தைப் பின்காலுக்கு நேராக, பிளேடின் நடுவிலிருந்து கொஞ்சம் அதன் குதிகால் பக்கமாக, அதாவது தண்டோடு சேரும் பக்கமாக வையுங்கள். கீழ்க்கையைக் கொஞ்சம் இறக்கிப் பிடியுங்கள். இப்போது கீழ்க்கையால் தரையை அழுத்திக்கொண்டே பந்தை முன்னால் இழுங்கள். தண்டு வில்லாக வளைவது கையில் தெரியும். உடம்பின் பாரம் முன்காலுக்கு வந்ததும் மேல்கையை உடம்புப் பக்கம் இழுத்து, மணிக்கட்டைப் புரட்டி விடுங்கள். வளைந்த தண்டு நிமிர்கிற வேகம்தான் பந்தின் வேகம். பிளேடு பந்தை விட்டு ஒரு கணம்கூடப் பிரியக் கூடாது. ‘டக்’ என்று சத்தம் கேட்டால் நடுவில் பிரிந்துவிட்டது என்று அர்த்தம்.

கூரைக்குப் போவதற்குக் காரணம், விடும்போது பிளேடின் முகம் வானத்தைப் பார்ப்பது. முடிவில் பிளேடின் நுனி நீங்கள் குறிவைத்த இடத்தைக் காட்ட வேண்டும், அதுவும் இடுப்புக்குக் கீழே. பந்தையும் ஒருமுறை பாருங்கள். இரண்டு பாதியை ஒட்டிச் செய்த பந்து என்பதால் ஒட்டு வழியாக வெடிப்பு விடும். இரண்டு விரலால் அமுக்கினால் வாய் திறக்கும். அது எந்த ஷாட்டிலும் நேராகப் போகாது, தூக்கிப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: பந்து இவ்வளவு லேசானது என்கிறீர்கள். கண்ணாடி கட்டாயம் வேண்டுமா? (மதுரை)

பதில்: வேண்டும். உடம்பில் பட்டால் சிவந்து போகும், அவ்வளவுதான். கண் அப்படியில்லை. ஆட்டத்தில் எல்லாரும் குனிந்திருப்பதால் மட்டையின் நுனியும் எழும்பும் பந்தும் கண்ணின் உயரத்துக்கே வரும். பின்னால் எலாஸ்டிக் பட்டை வைத்த பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி வாங்குங்கள். தினசரி போடும் பவர் கண்ணாடி பாதுகாப்பாகாது. உடைந்தால் அதுவே கேடு. பயிற்சியிலும் போட வேண்டும், ஏனென்றால் பத்துப் பந்து ஒரே நேரத்தில் பறப்பது பயிற்சியில்தான்.

கேள்வி: இந்த ஆட்டம் எங்கே பிறந்தது? ஒலிம்பிக்கில் இருக்கிறதா? (யாழ்ப்பாணம்)

பதில்: ஒலிம்பிக்கில் இன்னும் இல்லை, ஒலிம்பிக் குழுவின் முழு அங்கீகாரம் 2011-இல் கிடைத்தது. பிளாஸ்டிக் மட்டை 1950-களில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து லேக்வில் ஊரில் செய்யப்பட்டது. ஆட்டமாக வளர்ந்தது ஸ்வீடனில். ஸ்வீடன், ஃபின்லாந்து, சுவிட்சர்லாந்து மூன்றும் சேர்ந்து 1986-இல் ஸ்வீடனின் ஹஸ்க்வார்னாவில் உலகச் சம்மேளனத்தை உருவாக்கின. முதல் ஆண்கள் உலகப் போட்டி 1996-இல் ஸ்வீடனில் நடந்தது. ஸ்வீடனில் இன்னெபாண்டி, ஃபின்லாந்தில் சாலிபாண்டி, சுவிட்சர்லாந்தில் யூனிஹாக்கி என்று பெயர் மாறும், ஆட்டம் ஒன்றே. நம் பக்கத்தில் சிங்கப்பூர்தான் இதன் வீடு. பெண்கள் உலகப் போட்டியை 2005-இலும் 2023-இலும் நடத்தியது. 2015 தென்கிழக்காசியப் போட்டியில் ஆண், பெண் இரண்டு தங்கமும் அதற்கே.

கேள்வி: ஹால் கிடைப்பதில்லை. வீட்டுப் புளோக்கின் கீழ்த்தளத்திலோ மொட்டை மாடியிலோ பழகலாமா? (தெம்பனிஸ், சிங்கப்பூர்)

பதில்: பந்து அடிக்க அனுமதி இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடியில் காற்றடித்தால் 23 கிராம் பந்து உங்கள் பேச்சைக் கேட்காது. சிமெண்டுத் தரை பிளேடின் அடிப்பக்கத்தை அரம்போல ராவிவிடும். ஒரு மாதத்தில் ஓரத்தில் பிசிறு எழும்பும், அது பந்தையும் கீறும். பழைய பிளேடை மாட்டிக்கொண்டு பழகுங்கள், பிசிறை வாரம் ஒருமுறை உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள்.

வீட்டிற்குள்ளே 2 மீட்டர் இடமிருந்தால் போதும். இரண்டு செருப்பை அரை மீட்டர் தள்ளி வைத்து, பந்தை எட்டு வடிவத்தில் அவற்றைச் சுற்றிக் கொண்டுபோக வேண்டும். பிளேடின் முன்பக்கம் ஒருமுறை, பின்பக்கம் ஒருமுறை. ஒரு நிமிடம் செய்து அரை நிமிடம் ஓய்வு, இப்படி ஐந்து தடவை. முதல் இரண்டு சுற்றில் பந்தைப் பார்த்து, மூன்றாவதிலிருந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி. பந்து செருப்பில் முட்டும், பரவாயில்லை, கண்ணைக் கீழே இறக்காதீர்கள்.

கீழ்வீட்டுக்காரருக்குத் தொந்தரவு இருக்காதா என்றால், பழைய யோகா பாயை விரித்துக்கொள்ளுங்கள்.